மூடிய நிரலுக்கு ஒரு காவல்

"உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாமலா தெனமும் இதுல வேல பாக்குத?" என்று மாரிச்செல்வம் ஒருநாள் கேட்டான். எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன் அவன். யூனிட்டின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவன். என் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் நிரலை எடுத்துவிட்டு, யாரும் படித்துப் பார்க்கக்கூடிய இலவச நிரல் ஒன்றை ஏற்றினான். முதலாளி கிட்டுசாமியிடம் கேட்டுத்தான் செய்தான். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது.

கம்ப்யூட்டர் சாகவில்லை என்றான். பின்பக்கத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தன் லேப்டாப்பில் சொருகினான். அதில் வரிவரியாக ஏதோ வந்துகொண்டிருந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கார்டு, தனக்கென்று ஒரு சிறு நிரலைச் சுமந்து வருகிறதாம். அதை ஓடவிட்டால்தான் திரை விழிக்கும். அதில் என்ன இருக்கிறதென்று எழுதிய கம்பெனிக்கு மட்டுமே தெரியும். படிக்க முடியாததை ஓடவிட மாட்டேன் என்று இவன்தான் தடுத்து வைத்திருந்தான்.

சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால் பழைய பயாஸையே மாட்டச் சொன்னார் முதலாளி.

"சாயப்பட்டறை மாஸ்டரு கலவைய யாருக்குச் சொல்றான் தம்பி? துணி குடுக்காம இருக்கறமா? பக்கத்துல ஒரு ஆள நிறுத்திப்போட்டுக் குடுக்கறோம்."

அவர் போன பிறகும் மாரிச்செல்வம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த மூடிய நிரலை நிஜ பிராசசரில் விடாமல், நிரலாலேயே செய்த ஒரு போலி பிராசசரில் ஓடவிட்டான். அது எதைத் தொட்டாலும் ஒயர் வழியாக ஒரு வரி வரும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஓரிடத்தில் நின்றது, போலி பிராசசரைத் திருத்தினான், தாண்டியது. திரையில் மயில் டிசைன் வந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "படம் வந்துருச்சு, செரி. நாளைக்கு நீ ஊருக்குப் போயிட்டீன்னா? பழசுன்னா எவனும் பாப்பான். இத எவன் பாப்பான்? பழசையே மாட்டீரு."

மூடிய பயாஸுக்குத் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தது. எல்லாருக்கும் திறந்து வைத்ததைப் படிக்க இவன் ஒருவன்தான்.

"நான் பாத்துக்கறனுங்க," என்றேன். முதலாளியிடம் நானாகப் பேசியது அதுவே முதல் தடவை. "எங்க நின்னாலும் ஒயர்ல வர்ற கடைசி வரி சொல்லிருமுங்க. புரியலீன்னா இவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கறனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து, திரையில் மயிலின் கழுத்து நிறத்தைப் பார்த்தார். "மிசினுக்கு அனுப்பீரு," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.