பிழைத்தவர்கள்

அண்ணனின் குடையை நாற்காலி முதுகிலிருந்து கழற்றினாள். பைக்குள் கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். செருப்பு மட்டும் இல்லை. அது காலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

காலை பதினொன்றேகாலுக்கு, நூலகத்தின் கணினி அறையில், இதே நாற்காலியில் அண்ணன் தலை சாய்ந்துவிட்டார். தகவல் கேட்டு அவளும் கணவரும் ஓடியபோது ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. உடலைத் தர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். "நீ போய் மச்சான் சாமானை எடுத்துட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்று கணவர்தான் அவளை அனுப்பினார்.

அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது. லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருஷமாக அவள் வீட்டில்தான் இருந்தார். கடந்த நாலு வருஷமாக, மழையோ வெயிலோ, பத்து மணியானால் நூலகம். ஒருநாள்கூட ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. "ஓசி ஏசிக்குப் போறாரு" என்று தையல் மெஷினை மிதித்தபடி அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போன மாதம் சாப்பிடும்போது தனியாகச் சிரித்தார். என்னண்ணே என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. முந்திரி ஒண்ணு பாலத்தைத் திறந்து வச்சுது" என்றார். புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டதோ என்று அவள் கலங்கிப்போனாள்.

நூலகர் அண்ணனின் உறுப்பினர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு சிவந்திருந்தது.

"ஏம்மா, எங்கண்ணன் இங்க என்னதான் பண்ணிட்டிருந்தாரு?"

நூலகர் அவளையே பார்த்தாள். "வீட்ல சொன்னதே இல்லையா?"

"வாயைத் திறந்தாத்தானே."

நூலகர் குனிந்து திரையை உயிர்ப்பித்தாள். இடப்பக்கம் பழைய செய்தித்தாளின் படம். வலப்பக்கம் அதே செய்தி, தட்டச்சு எழுத்தில்.

"அந்தக் காலத்துப் பேப்பரையெல்லாம் படம் பிடிச்சு இணையத்துல போட்டிருக்கோம்மா. மெஷினே படிச்சு எழுத்தாக்கிடும். மை மங்கின இடம், தாள் மடிஞ்ச இடமெல்லாம் தப்பும் தவறுமா படிக்கும். அதை யார் வேணா வந்து திருத்தலாம். ஐயா மட்டும் நாப்பத்தோராயிரம் வரி திருத்தியிருக்காரு."

"அவ்வளவு தப்பா படிக்குது உங்க மெஷினு?"

"போன மாசம் ஒரு மந்திரியை முந்திரியாக்கிடுச்சு. பாலம் திறப்பு விழாவுல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதைத் திருத்தி யாருக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"பேர்ல ஒரு எழுத்து மாறினாலும், தேடுறவங்களுக்கு அந்த ஆளு கிடைக்கவே மாட்டாரும்மா. வெளிநாட்டுல இருந்து ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. அவங்க அப்பா பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச செய்தியாம், நாலே வரி. ஐயா திருத்தினது. அந்தக் கடிதத்தை ரெண்டு தடவை வாங்கிப் படிச்சாரு."

அவள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காரணமில்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாத மனிதர் அவர்.

"முதல்முதல்ல எதைத் திருத்தினாருன்னு பாக்க முடியுமா?"

"எல்லாம் பதிவாயிருக்கும்." நூலகர் பட்டியலின் அடிக்குப் போய் ஒரு வரியை அழுத்தினாள்.

அறுபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தாள். தேதியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றில் பயணிகள் படகு கவிழ்ந்த மறுநாள். அப்போது அவளுக்கு மூன்று வயது, அண்ணனுக்கு ஒன்பது. அப்பா அந்தப் படகில் போனவர். உடல் கிடைக்கவில்லை என்று அம்மா சொல்வாள். அதன்பிறகு சாகும்வரை அம்மா படகில் கால் வைக்கவில்லை. அக்கரைக்குப் போவதென்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

செய்திக்குக் கீழே இரண்டு பட்டியல்கள் இருந்தன. இறந்தவர்கள். பிழைத்தவர்கள்.

முதல் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடியும் மேலே போனாள்.

"அதுல இல்லம்மா. இந்தப் பக்கம், நாலாவது வரி."

நூலகருக்கு அது யார் பெயர் என்று தெரியாது. பிழைத்தவர்கள் பட்டியலின் நாலாவது வரியில் அப்பாவின் பெயர் இருந்தது. தாத்தாவின் பெயர், அவர்கள் அப்போது குடியிருந்த தெரு, எல்லாம் சரியாக இருந்தன.

"மெஷின் இதை அரைகுறையா படிச்சு வச்சிருந்துது. அப்படியே விட்டிருந்தா யார் கண்ணுலயும் பட்டிருக்காது" என்றாள் நூலகர். "இந்த ஒரு வரிக்கு ஐயா ஒரு வாரம் எடுத்துக்கிட்டாரு. தினம் வந்து இந்தப் பக்கத்தைத் திறப்பாரு, பாப்பாரு, மூடிட்டுப் போயிடுவாரு. எழுத்து புரியலையா ஐயான்னு கேட்டேன். புரியுதும்மான்னாரு. எட்டாவது நாள்தான் திருத்தினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்தவே இல்ல. அதுக்கடுத்த நாள் பேப்பர், அடுத்த மாசம், அடுத்த வருஷம்னு போய்க்கிட்டே இருந்தாரு. எதையோ தேடுற மாதிரியே இருக்கும். கேட்டா, 'சும்மாதாம்மா'ன்னு சிரிப்பாரு."

"கிடைச்சுதா?"

"தெரியலம்மா. இன்னைக்குக் காலைலயும் அடுத்த வருஷத்தைத்தான் திறந்து வச்சிருந்தாரு."

நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் எத்தனை முறை அண்ணனின் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, அப்பா மட்டும் அன்றைக்கு அந்தப் படகைத் தவறவிட்டிருந்தால் என்று ஆரம்பித்திருப்பாள்! அண்ணன் "ம்" என்பார். குழம்பை ஊற்று என்பார்.

கைப்பேசி அடித்தது. கணவர்.

"ஃபாரம் குடுத்திருக்காங்க. மச்சானோட அப்பா பேரு கேக்குது. பேருக்கு முன்னால காலமானவர்னு போட்டுடவா?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரை மட்டும் எழுதுங்க."

"என்னது?"

"முன்னால ஒண்ணும் போட வேணாம். பேரு மட்டும் போதும்."

"சரி, எழுத்தைச் சொல்லு. தப்பா போட்டுடப்போறேன்" என்றார்.

அவள் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நடுவில் அவரை நிறுத்தி, "சின்ன ர இல்லங்க. பெரிய ற" என்றாள்.

மறுமுனையில் பேனா அடித்துவிட்டு எழுதும் சத்தம் கேட்டது. அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.