மிளகளவு மனிதரின் வீடு

மோட்டார் வைண்டிங் கடைக்காரர் மிளகளவுக்குச் சுருங்கியபோது அவருடைய எடை ஒரு சரக்கு ரயிலைத் தாண்டியிருந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. குழாயில் தண்ணீர் வராத கவலையே அவர்களுக்குத் தலைக்கு மேல் இருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் தவிக்கிற ஆள் அவர். மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பியதும் கூடத்தை வட்டமடிக்கத் தொடங்கினார். நடக்க நடக்கச் சுருங்கினார், சுருங்கச் சுருங்க வேகம் கூடியது, இடுப்பு மட்டும் பிதுங்கிக்கொண்டது. கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சாண் மேலே சுழன்றபடி நின்றார். சுற்றுக்கு ஒரு தரம் அவரிடமிருந்து எதிர்ச்சுவரில் வெளிச்சம் வெட்டியது. கரண்டிகள் அவர் பக்கம் நகர்ந்ததால் மனைவி அவற்றைப் பூட்டி வைத்தார்.

ஓடுகிற மோட்டாரை மரக்கட்டையால் அழுத்தி நிறுத்துவது அவர்கள் கடை வழக்கம். கடைக் கூட்டாளி கட்டையோடு வந்து, "ஒரு நிமிஷம் அண்ணி, அண்ணனை நிறுத்திக் காட்டுறேன்" என்று அழுத்தினார். வேகம் குறைந்ததும் மிளகு கடுகாகப் பார்த்தது. மேசை விரிசல் விட்டது, சுவர்கள் உள்பக்கம் சாய்ந்தன. சுழற்சிதான் அவரைத் தாங்குகிறது, நின்றால் தனக்குள்ளேயே விழுந்து இல்லாமல் போவார் என்று மனைவிக்கு அப்போதே புரிந்துவிட்டது. "எடுங்க கையை! அவர் பாட்டுக்குச் சுத்தட்டும்!" என்று கட்டையைப் பிடுங்கி எறிந்தார். ஒரு துள்ளு துள்ளி அவர் மறுபடி வேகம் பிடித்தார்.

அதற்குப் பிறகு மனைவி வீட்டை விட்டு நகரவில்லை. மருத்துவர், தச்சர், சொந்தத் தம்பி என்று நல்லது செய்ய வந்த எல்லோருக்கும் அவரை நிறுத்தக் கை துறுதுறுத்தது. மனைவி கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்து காவல் காத்தார். கணவரின் பாரத்தில் வீட்டுக்குள் காலமும் இழுபட்டு மெதுவாக ஓடியது. வெளியே மாதங்கள் ஓடியும் காய்ச்சாத பால் கெடவில்லை. தொலைபேசியில் அம்மாவின் குரல் மகளுக்கு இழுத்து இழுத்துக் கேட்டது.

"நீ அங்கயே இருந்தா என் வயசெல்லாம் நீ பாக்காமலே போயிடும்மா. வந்துடு."

"நான் வந்துட்டா எவனாவது அவரை நிறுத்திடுவான்டி. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த நாளைக்குள் மகளுக்குக் கல்யாணம் ஆனது, பெண் பிறந்தது, மூட்டு வலி வந்தது. ஒன்றைத் தவறவிட்டதற்கு அம்மா அழுது முடிப்பதற்குள் அடுத்தது நடந்துவிட்டிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மகள் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்த அம்மாவின் தலையில் ஒரு நரை இல்லை. இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். "இனிமே அப்பாவை நான் பாத்துக்கறேன். நீ போய் உன் பேத்தியோட இரு" என்றாள் மகள். அம்மா தயங்கினார், மேசைப் பக்கம் பார்த்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் எட்டிப் பார்த்து, "போறது உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

"ஆமா. கொஞ்சம் பிடிவாதக்காரி" என்று சொல்லிவிட்டு மகள் கதவைச் சாத்தினாள்.