ஒரே மணியில் போன பிள்ளைகள்

பார்சல் கம்பெனியின் சர்வர் கணினி காலையிலிருந்து புது வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடவில்லை. கம்பெனியை நடத்துவது தம்பி. சர்வரின் புரோகிராமை எழுதியவர் அண்ணன்.

"பழைய டிவிய ஒரு தட்டு தட்டுற மாதிரி, நிறுத்தித் திருப்பிப் போடுங்கண்ணே" என்றான் தம்பி போனில். "இன்னிக்குச் சரியாகலேன்னா நாளைக்கு வெளிய வாங்கிப் போட்டுடுறேன்."

"வெளியாள் புரோகிராமா? நம்ம வீட்டுக் கம்பெனியிலயா?"

"அது ஓடும்ண்ணே."

அண்ணன் போனை வைத்தார். கம்பெனியின் பின்னறையில் அவரும் மின்விசிறியும்தான்.

வாடிக்கையாளர் வந்தால், தாய்ப் புரோகிராம் ஒரு பிள்ளையைப் பெற்று அவரைக் கவனிக்க அனுப்பும். வேலை முடிந்து பிள்ளை இறந்தாலும், "என்ன ஆச்சு?" என்று தாய் கேட்கும்வரை அதன் பெயர் இயந்திரத்தின் பட்டியலில் கிடக்கும். இப்போது பட்டியல் முழுக்க அப்படிக் கிடந்தவைதான். புதுப் பிள்ளைக்கு இடமில்லை.

தாயை நிறுத்தினால், அநாதையானவற்றை, வேறு யாரோ எழுதி இயந்திரத்தோடு வந்த முதல் புரோகிராம் தன்னுடையதாக்கி அப்புறப்படுத்திவிடும். நாம் பெற்றதை ஊரான் வந்து தூக்குவதா? அவர் தாயை நிறுத்தவில்லை.

எழுதியதை வரி வரியாகப் பார்த்தார். பிள்ளை இறந்தால் தாய்க்கு மணியடிக்கும். தாய் ஒரு பிள்ளையை விசாரித்துவிட்டுத் திரும்பும். சரியாகத்தானே இருக்கிறது? வேறொரு இயந்திரத்தில் பிள்ளைகளின் கூட்டத்தையே ஒரே நேரத்தில் முடித்துப் பார்த்தார். மணிகள் ஒன்றோடொன்று கலந்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே அடித்தன. விசாரிப்பாரற்ற மிச்சம் அப்படியே கிடந்தது.

மணி ஒருமுறை அடித்தாலும், இனி யாருமில்லை என்று ஆகும்வரை தாய் கேட்டுக்கொண்டே இருக்கும்படி மாற்றினார்.

புதியதை ஓட்டுமுன் இன்னொன்று செய்தார். வேறு யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய தாயை முடித்துவிடாமல் அப்படியே உறைய வைத்து, அதன் வாயாலேயே கிடந்தவற்றை ஒவ்வொன்றாய் விசாரிக்க வைத்தார். எல்லாம் ஒரே பதிலைத் தந்தன: பூஜ்யம். குறையில்லாமல் முடித்தேன் என்று அர்த்தம். அவர் முதுகு நிமிர்ந்தது.

பட்டியல் வெறுமையானதும் புதிய தாயை ஓடவிட்டு, போனை எடுத்தார்.

"தம்பி, முடிஞ்சுது. நம்ம பிள்ளைங்க ஒண்ணுகூட தப்பு பண்ணலடா..."

"திருப்பிப் போட்டுட்டீங்களா? நல்லது. வெளியாள் பேச்ச விட்டுடலாம். லைன்ல ஆள் இருக்குண்ணே, அப்புறம் கூப்பிடுறேன்."

போனை மேசையில் முகம் மேலே தெரிய வைத்தார். கணினித் திரையில் பிள்ளைகள் வந்தன, முடித்தன, விசாரிக்கப்பட்டுப் போயின. கம்பெனியை மூட முன்னறையில் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை அவர் உட்கார்ந்திருந்தார்.

போன் அடிக்கவில்லை.