கடைசி எழுத்துக்குப் பின்னால்

தங்கை கீபோர்டில் ஒரு வரியைத் தட்டினாள். உடனே அடுத்த வரிக்குப் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ரவுட்டர் அதை ஏற்றுக்கொண்டதா என்று திரையில் பார்த்தாள். ஏற்றுக்கொண்டது தெரிந்த பிறகுதான் கை மறுபடி மேலே வந்தது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, அந்தக் கை மடிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வந்தது.

மூடிப்போன ஒரு அலுவலகத்திலிருந்து இந்தப் பழைய ரவுட்டர்களை வாங்கி வந்தவள் அக்கா. பின்னறை அலமாரியைக் காலி செய்து அவற்றை அடுக்கியவளும், இரைச்சல் தாங்கவில்லையென்று அம்மாவிடம் திட்டு வாங்கியவளும் அவள்தான். நாள் முழுக்க ஒரு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, கேட்ட நெட்வொர்க்கைக் கையால் அமைத்துக் காட்ட வேண்டிய அந்தத் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றவளும் அவளேதான். வேலையிடத்தில் அவளுக்கு ‘மெஷின்’ என்று பட்டப்பெயர். விரல் அவ்வளவு வேகம். தேர்வில் அந்த வேகமே காலை வாரிவிட்டது. காலையில் எங்கோ ஒரு எண்ணை மாற்றித் தட்டியிருப்பாள், சாயங்காலம்வரை அதன் மேலேயே மாடி எழுப்பிக்கொண்டு போயிருப்பாள். சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்த தங்கை, “நானும் எழுதிப் பாக்கட்டுமாக்கா?” என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். இப்போது அந்த நாற்காலி தங்கையுடையதாகிவிட்டது.

“அவ நிதானம்டி. உனக்குத்தான் எப்பவும் பறப்பு” என்று சாப்பிடும்போது அம்மா சொன்னாள். ரவுட்டர் என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவுக்குக்கூட அது தெரிந்திருந்ததுதான் அதிகமாக எரிந்தது.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை சோம்பல் முறித்து எழுந்தாள். “அக்கா, நான் குளிச்சிட்டு வரேன். எதையாவது கெடுத்து வை. வந்து கண்டுபிடிக்கறேன்.”

வழக்கமாக விளையாடுவதுதான். ஒருத்தி கெடுப்பாள், இன்னொருத்தி சரிசெய்வாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. ஒரு எண்ணை மாற்றலாம், ஒரு இணைப்பை அணைக்கலாம். அதையெல்லாம் இவள் தலை துவட்டி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று நம்ப வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரே ரகசியச் சொல் இருக்க வேண்டும். அக்கா ஒன்றில் மட்டும் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினாள். கடைசி எழுத்துக்குப் பின்னால் ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் எதுவும் தெரியவில்லை. ரவுட்டருக்கு மட்டும் அது வேறு சொல்.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்த தங்கை முதலில் பாட்டுப் பாடிக்கொண்டே தேடினாள். பிறகு பாட்டு நின்றது. கேபிளைக் கழற்றி மாட்டினாள், வேறு கேபிள் போட்டாள். இரண்டு ரகசியச் சொற்களையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். சரியாகத்தான் இருந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததை அழித்து எழுத அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் கை மடிக்குப் போவதை மறந்து, கண்டபடி தட்ட ஆரம்பித்தது. என்னை மாதிரியே தட்டுகிறாள் என்று நினைத்தபோது அக்காவுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

“எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. இத்தனை நாள் சும்மா தெரிஞ்ச மாதிரி இருந்திருக்கு” என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது. “நான் தேதியைத் தள்ளிப் போட்டுக்கறேன்.”

“உன் இஷ்டம். போய் அசிங்கப்படறதுக்கு அது மேல்” என்றாள் அக்கா. கேட்பவர்களுக்கு அது பரிவாகத்தான் பட்டிருக்கும்.

தங்கை ஃபோனை எடுத்தாள். தேர்வு மையத்தின் பக்கத்தைத் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேதியைத் தேடினாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் உறிஞ்சுவாள். பக்கத்தில் படுக்கவே முடியாது.

“ஃபோனைக் கீழ வைடி.”

“ஏன்?”

“அந்தச் சொல்லுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கு.”

தங்கை திரும்பி, அந்த ஒரு வரியை மட்டும் அழித்து எழுதினாள். இணைப்பு வந்துவிட்டது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மாதிரியெல்லாம் பரீட்சையில வெப்பாங்களா?”

“வெக்க மாட்டாங்க.”

“அப்புறம் நீ எதுக்கு வெச்ச?”

வேறு பதில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான்” என்றாள் அக்கா.

தங்கை முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

“சரி. இன்னொண்ணு வை.”

தேர்வன்று கூடப் போனவளும் அக்காதான். அம்மா சொன்னதற்காகப் போனாள். கட்டடத்துக்கு எதிரே ஒரு கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, தங்கை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வேண்டாம் என்றாள். பிறகு மறுபடி வேண்டிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் முடிவு வந்தது. தங்கை ஃபோனை நீட்டினாள். தேறியிருந்தாள். “சந்தோஷம்டி” என்றாள் அக்கா. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. தங்கை அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் அம்மா கத்தியது பெட்டி முழுக்கக் கேட்டது. “அக்காகிட்ட குடும்மா” என்றாள் அம்மா. அக்கா வேண்டாமென்று கையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தங்கை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனாள். தலை அக்காவின் தோளில் விழுந்தது. கை அக்காவின் மடியில் கிடந்தது. அதன் விரல்கள் தூக்கத்திலும் அவள் தொடைமேல் எதையோ தட்டின. ஒரு வரிதான் இருக்கும். பிறகு நின்றன, பதிலுக்குக் காத்திருப்பதைப்போல.