ஐந்தாவது சுழி

அந்த ஆண்டுப் பந்தயப் பருவத்தின் முதல் வாரத்தில், உயர்நிலைப் பள்ளியின் படகு நான்கு துடுப்புகளால் தண்ணீரில் ஐந்து சுழிகளைப் போட்டது. கணக்கு டீச்சர்தான் முதலில் பார்த்தார். சுழிகளை எண்ணுவதற்காக அவர் போகவில்லை. படகு ஏன் இடப்பக்கமாக இழுக்கிறது என்ற சின்னச் சிக்கலுக்கு விடை தேடித்தான் நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போயிருந்தார்.

படகுக் குழு அவர் கைக்கு வந்ததே ஒரு விபத்து. விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனபின், தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் விடைத்தாள்களில் முகம் புதைத்துக்கொள்ள, கணக்கு டீச்சர் மட்டும் தலையைக் குனியக் கொஞ்சம் தாமதித்துவிட்டார். குழுவில் நான்காவது இருக்கைக்காரி அவருடைய மகள்தான் என்பதால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரைப் பார்த்தாலே இரண்டடி பின்வாங்கிவிடுவார். எனவே படகில் கால் வைக்காமல், கரையோரப் பாதையில் சைக்கிளை மிதித்தபடி, ஒலிபெருக்கியில் கத்திக் கத்திப் பயிற்சி கொடுத்தார். மகள் அவரை வீட்டில் அம்மா என்றும் கரையில் மிஸ் என்றும் கூப்பிட்டாள். இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

படகு எப்படி ஓடுகிறது என்பதைக் கணக்கு டீச்சர் ஒரே வாரத்தில் படித்து முடித்திருந்தார். துடுப்புப் போடுகிற நான்கு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிவது, கடைசியில் அவர்களைப் பார்த்தபடி சுக்கான் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது பெண்ணுக்கு மட்டும்தான். ஆளுக்கு ஒரே துடுப்பு. ஒன்றாம் இருக்கைக்கும் மூன்றாம் இருக்கைக்கும் வலப்பக்கம், இரண்டுக்கும் நான்குக்கும் இடப்பக்கம். வலம் இரண்டு, இடம் இரண்டு, அதனால் படகு நேராகப் போகும். துடுப்பை இழுத்து எடுக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்குச் சுழன்றுகொண்டு நிற்கும். படகு போன பிறகும் அந்தச் சுழி கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். யார் உழைத்தாள், யார் ஏமாற்றினாள் என்பதைச் சுழியின் ஆழத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். புறப்படுமுன் முன்னிருக்கையிலிருந்து ஆளுக்கொரு எண்ணாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். நான்கு எண்ணும் கேட்டபிறகுதான் சுக்கான்காரி கட்டளை கொடுப்பாள். எண்ணைச் சொன்னவள் தயார் என்று பொருள்.

படகு இடப்பக்கம் இழுத்ததும் அவர் சுக்கானைக் கழற்றிப் பார்த்தார். அடிப்பலகையைத் தடவிப் பார்த்தார். நான்கு துடுப்புகளையும் சுவரில் சாய்த்து நீளம் அளந்தார், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. வெயில் தாழ்ந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்த ஒரு மாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, படகு விட்டுப்போன தடத்தைப் பார்த்தார். இடப்பக்கம் இரண்டு சுழி. வலப்பக்கம் மூன்று. ஒன்றாம் இருக்கைக்காரியின் சுழியை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் சிறியதாக, ஒழுங்காக, இன்னொன்று. விடைத்தாளில் ஒரு மதிப்பெண் விடுபட்டதைக் கண்டுபிடித்தவர் போல முதலில் அவருக்கு மகிழ்ச்சிதான் வந்தது. இழுப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டதே. சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், துடுப்பு நான்குதானே என்று இறங்கி நின்று மறுபடி எண்ணினார்.

முதல் பந்தயத்தில் ஒன்றாம் இருக்கையில் இருந்தவள் ஒல்லியாக இருந்ததால் ஊசி என்று பெயர் வாங்கியவள். பந்தயம் முடிந்த அன்றிலிருந்து அவளுடைய உள்ளங்கைகள் காயவில்லை. துடைக்கத் துடைக்க ஈரம் சுரந்தது. நோட்டுப் புத்தகத்தில் மை கரைந்தது, தேர்வுத்தாள் கூழானது. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பந்தயம். அதில் படகு வலப்பக்கமாக இழுத்தது. ஐந்தாவது சுழி இடப்பக்கம் மாறி, இரண்டாம் இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றே ஊசியின் கைகள் காய்ந்தன. இரண்டாம் இருக்கைக்காரியின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வகுப்பில் வாயை மூடாததால் அவளை வாயாடி என்பார்கள். அந்த இரண்டு வாரமும் அவள் வாயே திறக்கவில்லை. அவள் பெஞ்சுக்கடியில் வைத்த வாளியை ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தி எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள். பள்ளியில் இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது: வாளிகளை வேதியியல் கூடத்திலிருந்து எடுக்கக் கூடாது.

மூன்றாவது பந்தயத்தில் படகு மறுபடி இடப்பக்கம் இழுத்தது. வாயாடியின் தலை உலர்ந்தது, ஒரே மூச்சில் இரண்டு வாரத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தாள். மூன்றாம் இருக்கைக்காரி, குழுவிலேயே பலசாலி, மலை என்று கூப்பிடப்படுகிறவள், கரையேறியதும் இருமினாள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. பச்சையாகப் பாசித் துணுக்குகளோடு, நீர்த்தேக்கத்துத் தண்ணீரேதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு டம்ளர் வீதம் வந்துகொண்டே இருந்தது. நர்சுகள் அளந்து கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் எழுதினார்கள். நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர், தண்ணீர் மட்டம் நாளுக்கு ஒரு விரலளவு ஏறுகிறது என்றார். பரணில் தொட்டி நிரம்புவதைச் சொல்வது போலத்தான் சொன்னார். பன்னிரண்டு நாளில் தொண்டைக்கு வந்துவிடுமாம். இறுதிப் பந்தயத்துக்கும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கணக்கு டீச்சருக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்தது நான்கு. நான்கில் இருப்பவள் அவருடைய மகள். கை, தலை, நெஞ்சு என்று ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ளே போகிறது. நான்காவது முறை எதைத் தொடும் என்று யோசிக்கும்போதெல்லாம், அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பந்தயத்துக்கே போகாமல் இருந்துவிடலாம். ஆனால் அடுத்தவளுக்குத் தொடங்கினால்தான் முந்தியவளுக்கு நிற்கிறது. போகாவிட்டால் மலை கட்டிலில் படுத்தபடியே மூழ்கிப் போவாள். போனால் மகள். இரண்டு பக்கமும் சமமாக எழுதிப் பார்த்தும் எதுவும் அடிபடவில்லை. வீட்டில் மகள் தூங்கும்போது அவள் உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள், மலைக்குப் பதில் வேறொரு பெண்ணைச் சேர்க்க முடியுமா என்று கேட்கப் பந்தயச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். கேட்கும்போதே கூசியது. யாருடைய பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைப்பது? கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த எழுத்தர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்ட மனிதர், ஆள் மாற்றும் தேதி போன வாரமே முடிந்துவிட்டது என்றார். பிறகு பதிவுத் தாளைத் தேடியெடுத்துப் புரட்டினார்.

"உங்களுக்கு எதுக்கும்மா மாத்து ஆள்? துடுப்புக்கு அஞ்சு பேர்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். துடுப்புப் போடுபவர் எண்ணிக்கை: ஐந்து. சுக்கான் பிடிப்பவர்: ஒன்று. பருவம் தொடங்கிய புதிதில், சுற்றுலா பஸ்ஸுக்குத் தலை எண்ணுவது மாதிரி, படகில் ஐந்து தலை என்று எண்ணி எழுதிவிட்டார். சுக்கான் பிடிப்பவள் துடுப்புப் போடுவதில்லை என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது. கீழே ஐந்து வரிகள். நான்கில் பெயர். ஐந்தாவது வரி காலி.

"தப்பா எழுதிட்டேன் சார். அந்த வரிய அடிச்சிடுங்க."

"பேர் இருந்தா அடிக்கலாம். காலி வரிய எப்படிம்மா அடிக்கிறது?" அலுவலக நேரத்தைச் சொல்கிற குரலில்தான் எழுத்தர் பேசினார். "நீங்க கூப்பிட்டிருக்கீங்க. யாரோ வந்திருக்காங்க. வந்தவங்களுக்கு இடம் குடுத்தீங்களா?"

டீச்சர் பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார். இருபது வருடமாக வகுப்பெடுக்கிறவருக்கு இது புதிய சங்கதி இல்லை. நடுவருடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு இடம் காட்டாவிட்டால் அது என்ன செய்யும்? முதல் பெஞ்சில் போய் ஓரமாக ஒட்டும். அங்கே இடிபட்டு இரண்டாவதுக்குப் போகும், பிறகு மூன்றாவது. ஒவ்வொரு பெஞ்சிலும் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளும். கெட்ட பிள்ளை என்று திட்டிப் பயனில்லை, ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட வேண்டும். படகில் ஐந்தாவது இருக்கை போட இடமில்லை. ஆனால் மலையின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

விடை கிடைத்ததும் பயம் இரண்டு மடங்கானது. பிடிக்க ஆளில்லாத துடுப்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஓடுகிற படகில் அது தண்ணீரைக் குத்திக்கொண்டால், ஒரே நொடியில் படகைக் கவிழ்த்துவிடும். அன்று மாலை சமையலறையில் மகளை உட்கார வைத்து, துடுப்பின் நீளம், வேகம், கவிழ்கிற கோணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஏற மாட்டேன் என்று மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவருக்கு இருந்தது. சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணாவது சீட் என் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு," என்றாள்.

"ஆமா."

"நாங்க எப்பவும் பின்னாடி திரும்பிப் பாக்குறதில்ல மிஸ்." தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு, "மலைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கும்மா," என்றாள்.

இறுதிப் பந்தயம் காலை ஒன்பது மணிக்கு. அவர்கள் மூன்றாம் இருக்கையைத் துடைத்து வைத்தார்கள். படகோடு பொருத்தியிருந்த காலணிகளின் நாடாவைத் தளர்த்தினார்கள். துடுப்பை அதன் வளையத்தில் பூட்டி, தட்டையாகத் தண்ணீர்மேல் கிடக்க விட்டார்கள். மற்ற பள்ளிகளின் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களின் ஆளுக்குப் பசி, சாப்பிட்டுவிட்டு நீந்தி வருவாள் என்று ஒருத்தி சொன்னாள். வாயாடி தன் துடுப்பின் பிடியை இன்னொரு தடவை துடைத்தாள். தொடக்கக் கோட்டில் நடுவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னார். விதிப்படி அவர் ஆட்களைப் பார்க்க வேண்டியதில்லை, எண்களைக் கேட்டால் போதும்.

"ஒண்ணு," என்றாள் ஊசி.

"ரெண்டு," என்றாள் வாயாடி.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கரையில் கணக்கு டீச்சர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். சுண்டு என்று கூப்பிடப்படும் சுக்கான்காரி மட்டும்தான் மூன்றாம் இருக்கைக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருந்தவள். மகளின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்து அவள் உதடு வெளுத்தது. தட்டையாகக் கிடந்த துடுப்பு மெல்ல நிமிர்ந்தது. காலணி நாடாக்கள் இறுகின.

"மூணு."

வருகைப் பதிவில் தன் பெயர் எப்போது வரும் என்று வெகுநாள் காத்திருந்த பிள்ளையின் குரல் அது என்று, கேட்டவர்கள் பின்னால் சொன்னார்கள். மகளின் பின்கழுத்தில் ஈர மூச்சு பட்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். கரையில் டீச்சரின் வாய் அவள் சொல்ல வேண்டிய எண்ணைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. நடுவர் நிமிர்ந்து பார்க்கப் போன நேரத்தில் மகள் சொன்னாள்: "நாலு."

நடுவர் நான்கு டிக் போட்டுக்கொண்டு கொடியைக் கீழே இறக்கினார்.

இரண்டாயிரம் மீட்டர் தூரமும் கணக்கு டீச்சர் சைக்கிளில் கூடவே போனார். ஒலிபெருக்கியைத் தொடாமல் எண்ணிக்கொண்டே போனார். வலம் இரண்டு, இடம் இரண்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் அதேதான். மூன்றாம் இருக்கை மற்ற மூன்றோடும் சேர்ந்து தன் அடியில் பதித்திருந்த சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்கியது. பழகாத கையானதால் முதல் ஐந்நூறு மீட்டரில் கொஞ்சம் அவசரப்பட்டது, அப்புறம் சரியாகிவிட்டது. சுண்டு சுக்கானைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று. இரண்டாவதாக வந்தார்கள். கரையேறியதும் மகளின் உள்ளங்கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார் டீச்சர். வியர்வைதான். நக்கிக்கூடப் பார்த்தார், உப்புக் கரித்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது பத்துக்கு மலை அரை டம்ளர் இருமிவிட்டு, அதோடு நிறுத்தி, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டதாக நர்சு தாளில் எழுதியிருந்தார்.

மலை மறுபடி படகில் ஏறவில்லை. கோபமெல்லாம் இல்லை, அது இப்போது வேறொருத்தியின் இடம் என்றாள். அடுத்த ஆண்டு மகள் பள்ளியை முடித்துப் போனாள், பிறகு ஊசி, வாயாடி, சுண்டு. கணக்கு டீச்சர் மட்டும் பதினான்கு பருவங்களாக அந்தக் கரையில் சைக்கிள் மிதிக்கிறார். நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. புதிதாகச் சேரும் பெண்கள் முதல் நாள் அழுவார்கள். அவர் படம் போட்டு விளக்குவார், அவர்கள் ஏறுவார்கள். மூன்றாம் இருக்கையின் காலணியில் குதிகால் தேய்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. பதிவுத் தாளில் அவர் இப்போது துடுப்புக்கு நான்கு என்று எழுதி, மூன்று பெயர் எழுதி, ஒரு வரியைக் காலியாக விடுகிறார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய எழுத்தர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்துகிறார். படகுக் கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில், அவர் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: துடுப்புக்கு மூன்று பேரை ஏற்றவும். மூன்றாம் இருக்கையைக் காலியாக விடவும். நான்கு எண்களும் கேட்ட பிறகே புறப்படவும். படகு நேராகப் போகும்.