கணு இல்லாத இலை

செடிக் கடையில் அவனுக்குச் செடி டாக்டர் என்று பெயர். வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். வேண்டாம் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது வாடிய இலையை நீட்டினால் போதும், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, "வேர்ல பிரச்சினை" என்பான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரம் செடி செத்துப்போகும், கொண்டுவந்த ஆளும் திரும்பி வர மாட்டார். ஆக, டாக்டர் பட்டத்துக்குப் பங்கமில்லை.

ஊருக்கெல்லாம் அளந்துவிட்டது போதாதென்று சொந்த அக்காவிடமும் அளந்தான். வினை அங்கேதான் பிடித்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் நைட் டூட்டி. தனி ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, கடையில் போணியாகாமல் கிடந்த ஒரு சின்னத் தொட்டியை எடுத்துக்கொண்டு போனான். அதில் ஒரே ஒரு தடித்த பச்சை இலை, இதய வடிவத்தில், மண்ணில் செருகி நின்றது.

"ஹோயா, அக்கா. கொடி வகை. கொஞ்சம் மெதுவாத்தான் வளரும். ஆனா கிளம்பிடுச்சுன்னா உன் ஜன்னல் பூராப் படர்ந்துடும். பூ கொத்துக் கொத்தா வரும், வாசனை ஆளைத் தூக்கும்" என்றான்.

அக்கா அன்றைக்கே ஜன்னலைச் சுற்றி ஆணியடித்து, கொடி ஏறுவதற்கு நூல் கட்டிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து மண்ணம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். கடையில் மண் கலந்து தொட்டி மாற்றுகிற அம்மாள் அவள், எல்லாருக்கும் மண்ணம்மா. அதே மாதிரி இலைகளை வரிசையாக ஊன்றிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

"இதெல்லாம் வெறும் இலை தம்பி. தண்டும், துளிர் கிளம்புற கணுவும் ஒட்டியிருந்தாத்தான் கொடி வரும். இது வேர் விடும், வருஷக்கணக்கா பச்சையா நிக்கும். ஆனா கடைசி வரைக்கும் ஒத்தை இலைதான். வாங்குறவங்க யாரும் கேக்குறதில்ல, நாமளும் சொல்றதில்ல."

"அட, தெரியும்மா" என்றான். தெரியாது.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு போன் போட்டிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் டாக்டர் பட்டம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றான், அதற்கடுத்த வாரம் என்றான். அப்படியே மூன்று வருஷம் ஓடிப்போனது.

சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. "இன்னும் துளிர் காணோமேடா" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் வாய் கூசாமல் வைத்தியம் சொன்னான். தண்ணி ஜாஸ்தி ஊத்துறே, மண்ணு நல்லாக் காயட்டும். பெரிய தொட்டிக்கு மாத்தாதே, வேர் நெருக்கமா இருந்தாத்தான் கொடி தள்ளும். வெளிச்சம் போதலை, படுக்கையறைக் கிழக்கு ஜன்னல்ல வை, திரை போடாதே. அத்தனையும் ஹோயாவுக்கு உகந்த வைத்தியம்தான். கணு உள்ள ஹோயாவுக்கு.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் நோயாளியின் கட்டிலில் மாட்டுவதுபோல ஒரு சார்ட் தொங்கியது. தண்ணீர் விட்ட தேதி, உரம் போட்ட தேதி, ஈரப் பஞ்சால் இலையைத் துடைத்த தேதி. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் தேதி தவறாமல் 'மாற்றம் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, அவளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் போனான். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தான். டூட்டி முடித்து வந்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. கண்ணின் மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் ஒருக்களித்து, கழுத்தெல்லாம் வியர்வையோடு கிடந்தாள். அந்த ஒற்றை இலை ஜன்னலில் ராஜா மாதிரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

திரை போடாதே என்று தான் சொன்னதுதான் அவனுக்கு நினைவு வந்தது. சொல்லும்போது இந்தக் கட்டிலை அவன் நினைத்துப் பார்க்கவேயில்லை. வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன. எழுப்பிச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. எழுப்பவில்லை. மருந்தை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அதற்கடுத்து அவன் செய்ததுதான் கேவலம். கடையில் வேர் விட்டிருந்த அதே ரகத் தண்டு ஒன்றை எடுத்தான். விரல் நீளம், இரண்டு கணு. வெளியே தெரியாதபடி அதன் இலைகளைக் கிள்ளியெறிந்தான். அக்கா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அதை ஒற்றை இலையின் காம்போடு ஒட்டி மண்ணுக்குள் புதைத்து, மேலே பூசி மெழுகிவிட்டான்.

இரண்டரை மாதம் கழித்து அக்காவின் போன் வந்தது.

"டேய், வந்துடுச்சுடா. சின்னதா, செவப்பா, ஊசி மாதிரி நிக்குது." குரல் உடைந்தது. அக்கா அழுது அவன் கேட்டதே அபூர்வம்.

"நான் சொல்லல?" என்றான் அவன். எதையெதையோ மறந்தாலும் அந்த இரண்டு வார்த்தையை அவனால் மறக்க முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் அக்கா கடைக்கே வந்துவிட்டாள். கையில் தொட்டி, பின்னால் நான்கு நர்ஸ் பெண்கள்.

"இதோ, என் தம்பி. இவனுக்குத் தெரியாத செடி கிடையாது" என்றாள். பெண்கள் ஆளுக்கொரு இதய இலைத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். "மூணு வருஷம் ஆகும், பதறக் கூடாது. இவன் சொல்றபடி செஞ்சாப் போதும். என் வீட்டுலயே துளிர்த்துச்சுன்னா பாத்துக்குங்களேன்."

அவன் தொட்டிகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தான். சுற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. எதிரே மண்ணம்மா மண்ணைப் பிசைந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நால்வரில் சின்னவள் கேட்டாள். "அண்ணா, என் ரூமும் கிழக்கு ஜன்னல்தான். நானும் நைட் டூட்டிதான். பகல்ல திரை போடாமப் படுக்கணும், அவ்வளவுதானே? சிஸ்டர் சொன்னாங்க, பழகிடுமாம்."

அவன் கை நின்றுவிட்டது.

"வாங்காதீங்கம்மா" என்றான். "இது எதுவும் துளிர்க்காது."

"என்னடா சொல்றே? என் வீட்டுல துளிர்த்துச்சே" என்றாள் அக்கா.

அவன் அவள் தொட்டியை வாங்கி, விரலால் மண்ணை விலக்கிக் காட்டினான். இலையின் காம்பு தனியாக நின்றது. துளிர் வேறொரு தண்டிலிருந்து வந்திருந்தது.

"அது நான் புதைச்சது. இலைல கணு கிடையாது. அது வளரவே வளராது அக்கா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"குடுத்து ஒரு மாசத்துல."

பெண்கள் தொட்டிகளை ஒவ்வொன்றாக மேஜையில் திருப்பி வைத்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்கம்மா. இவன் பேச்சை நம்பி நான்தான் உங்களை இழுத்துட்டு வந்தேன்."

அவன் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டாள், அதுவும் தன்னைவிட இருபது வயது சின்னப் பெண்களிடம். பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக நின்றிருப்பான். இப்போது அவனால் தலை நிமிர முடியவில்லை.

அக்கா மண்ணை மறுபடியும் மூடி அழுத்தினாள். "சரி. இந்தத் துளிர் நிஜம்தானே? இதுக்கு என்ன செய்யணும், சொல்லு."

சொன்னான். "கொடி இலையே இல்லாம மொட்டையா நீளும் அக்கா. காஞ்சதுன்னு வெட்டிடாதே, இலை பின்னால அதுலதான் வரும். மண்ணு காஞ்சாத் தண்ணி விடு. முன் ரூம் வெளிச்சமே இதுக்குப் போதும், அங்க வச்சுக்கோ. உன் ரூமுக்குத் திரை போட்டுட்டுத் தூங்கு." உடம்பு கூசக் கூச, பொய் கலக்காமல் அவன் அக்காவிடம் செடியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவனைத் தாண்டி மண்ணம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இவன் சொல்றது சரியா?"

மண்ணம்மா கையிலிருந்த மண்ணை உதறினாள். "சரிதான்மா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா தலையாட்டினாள்.