அலை பற்றிய கை

மேலைவானின் செம்மை சிராங்கூன் சாலையின் ஓட்டுக்கூரைகளில் படிந்து, பூக்கடைகளின் மல்லிகை மணத்தோடு கோயில் மணியொலியும் கலந்து மிதந்த அந்திப் பொழுதில், ஜாலான் புசார் சாலையை ஒட்டிய சந்தின் சிற்றச்சகம் ஒன்றில், தனசேகரன் ஈய எழுத்துகளை மணி கோப்பார்போல் கோத்துக்கொண்டிருந்தார். இறந்தோர்க்கு இரங்கற்பா யாத்து அச்சிட்டுத் தருவதில் பெயர்பெற்றவர் அவர். எதிரே நின்றவள் செல்லக்கண்ணு. அவள் கணவன் மருதப்பன், கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளை ஆற்றுமுகத்திற்குக் கொணரும் படகில் உழைத்தவன். இரு வாரங்களுக்கு முன், விடியற்காலைப் பெரும்புயலில் படகு கவிழ, உடலும் கரை சேராது போனான். மறுநாள் கருமாதி. எரிக்க உடலும் கரைக்கச் சாம்பலும் இல்லாத அந்தச் சாவிற்கு, மகள் லீலாவின் கையில் கொடுக்க எஞ்சியது இந்தப் பாடல் ஒன்றே.

"படிச்சுக் காட்டுங்கண்ணே."

தனசேகரன் பெருமிதத்தோடு படித்தார்: "நீலத்தாய் மடிவிரித்தாள், நிலவு விளக்கேந்தி நின்றாள், முத்துக் கரங்களால் மூடி உறங்கவைத்தாள்."

"அன்னிக்கு ஊத்துன மழையில நிலா எங்கண்ணே வந்துச்சு? அவருக்கு நீந்தவே தெரியாது. கொன்னவளப் போயி தாயிங்கறீங்களே!"

"பாட்டுன்னா கொஞ்சம் அழகு வேணும்ல, தங்கச்சி."

"நாளைக்கு என் கழுத்துல கெடக்கறதையும் கழட்டிடுவாங்க. கடலுக்கு மட்டும் எதுக்கு இத்தன நகை?"

முகம் சுண்டிய அவர், தாம் கோத்த எழுத்துகளை உருவலானார். தாய் போனாள், விளக்கு அணைந்தது, முத்துக் கரங்கள் ஒவ்வோர் எழுத்தாய் மரத்தட்டில் உதிர்ந்தன. உவமையும் உருவகமும் நீங்க, இலையுதிர்ந்த மரம்போல் ஒரே வரி நின்றது. அதனைத் தாழ்ந்த குரலில் படித்தார்:

"மருதப்பன் கடலில் மூழ்கினான், மீளவில்லை."

செல்லக்கண்ணு மேசையின் விளிம்பை இறுகப் பற்றினாள். இத்தனை நாளும் அண்டை அயலார் 'போயிட்டாரு' என்று மென்மையாய்ச் சொல்லிவந்தது, அன்றுதான் உண்மையாய் நிகழ்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"இத லீலாகிட்ட எப்படிண்ணே படிப்பேன்? அப்பா கடல்ல தனியாவா இருந்தாரு, தனியாவா இருந்தாருன்னு தெனமும் கேக்குறா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அலை அவரு கையப் பிடிச்சுக்கிச்சுன்னு போடுங்க."

"அதுவும் உள்ளது இல்லயே, தங்கச்சி."

"பொய்தான் லா. தெரிஞ்சுதான் கேக்குறேன். போடுங்க."

இயல்பாய் நிகழ்வதன்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்ற அணி என்பதை இளமையிலேயே மனப்பாடம் செய்தவர் தனசேகரன். ஆயினும், அந்த ஒரு வரியைக் கோக்கையில்தான் அதன் பொருள் அவருக்கு முதன்முறையாய் விளங்கியது. கடலுக்கு இரக்கம் என்பது என்றும் இருந்ததில்லை. கரையில் எஞ்சிய சிறுமி ஒருத்தி கண்ணுறங்கும்பொருட்டு, தாயொருத்தி தன் இரக்கத்தையே அதற்குக் கடனாய் ஈந்தாள்.